கன்று, கிடாரி, சினை, ஈற்று: மாடு வளர்க்கும் வீட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னை கொடுங்கையூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் நாலு மாடு கட்டியிருக்கிறோம். ஆயா காலத்திலிருந்து இதே தொழில்தான். விடியற்காலை பால் வாங்க வருகிறவர்கள், பள்ளிக்கூடம் போகிற வழியில் எட்டிப் பார்க்கும் பிள்ளைகள், புதிதாக மாடு வாங்க நினைக்கும் அக்கம்பக்கத்து ஆட்கள் என்று பலரும் கேட்பவை இவை. ஆயாவிடமும், வந்துபோன கால்நடை மருத்துவர்களிடமும் கற்றதை வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். மாட்டை அதற்குரிய பேர் சொல்லி அழைத்தால், இப்போது அதற்கு என்ன தேவை என்பது பாதி தெரிந்துவிடும். அதனால்தான் இந்தச் சொற்கள் மறந்துபோகக் கூடாது என்று நினைக்கிறேன்.

மாடு, பசு, கறவை எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. மாடு என்பது பொதுப்பெயர், ஆணுக்கும் பெண்ணுக்கும் பொருந்தும். பசு என்றால் பெண் மட்டும். கறவை என்றால் இப்போது பால் கொடுத்துக்கொண்டிருக்கும் மாடு. எல்லாக் கறவையும் பசு இல்லை, எருமையும் கறவைதான். அதேபோல எல்லாப் பசுவும் எல்லா நாளும் கறவை இல்லை. கன்று போட்டால்தான் பால். இதைச் சொன்னால் படித்தவர்கள்கூடச் சில பேர் ஆச்சரியப்படுகிறார்கள். பாக்கெட்டில் வருஷம் முழுக்கப் பால் வருவதால் மாடும் வருஷம் முழுக்கக் கறக்கும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

பிறந்ததிலிருந்து வரிசையாக என்னென்ன பெயர்?

பிறந்ததும் கன்று, பேச்சில் கன்னுக்குட்டி. ஆண் என்றால் காளைக்கன்று, பெண் என்றால் கிடாரிக்கன்று. சில ஊர்களில் கிடேரி என்பார்கள். பால் குடிக்கிற வரைக்கும் பால்குடிக் கன்று.

பெண் கன்று வளர்ந்து, இன்னும் கன்று போடாமல் இருக்கும் வரை கிடாரி. சினை பிடித்தால், அதாவது வயிற்றில் கரு தங்கினால், சினைக் கிடாரி. முதல் கன்று போட்டதும் தலையீற்று மாடு. அப்புறம் கறவை. கன்று போட்டுக் கொஞ்ச நாளே ஆகியிருந்தால் இளங்கன்று மாடு. சினை முற்றிக் கறப்பது குறைந்து நின்றால் வற்றிய மாடு. இப்படியே ஒவ்வொரு ஈற்றுக்கும் இந்தச் சக்கரம் சுற்றும்.

எருமையில் ஆணைக் கிடா அல்லது கடா என்கிறோம். பெண் எருமையின் இளமைக்கு நாகு என்றொரு பழைய பெயர் இருக்கிறது. பசுவுக்கும் அந்தப் பெயர் உண்டு. எங்கள் பக்கம் இப்போது யாரும் பேச்சில் சொல்வதில்லை.

"மாடு குட்டி போட்டது" என்று சொல்லலாமா?

ஆடு, நாய், பூனை குட்டி போடும். மாடு கன்று போடும், அல்லது ஈனும். கன்றுக்குட்டி என்று சேர்த்துச் சொல்வது செல்லமாக வந்த வழக்கு, அதில் தப்பில்லை. எங்கள் தெருவில் "இன்னாம்மா, கன்னு போட்ருச்சா?" என்றுதான் கேட்பார்கள். பிள்ளைகள் "குட்டி" என்று சொன்னால் ஆயா உடனே திருத்துவார். நானும் திருத்துகிறேன்.

கிடாரி எப்போது பருவத்துக்கு வரும்?

ஜெர்சி, எச்.எஃப். (ஹோல்ஸ்டீன் ஃபிரீசியன்) போன்ற சீமை மாட்டுக் கலப்பினம் என்றால் நன்றாகத் தீனி போட்டு வளர்த்தால் ஒன்றிலிருந்து ஒன்றரை வயதுக்குள். நாட்டு மாட்டுக்கு இன்னும் நாளாகும். வயதைவிட உடம்புதான் கணக்கு. கலப்பினக் கிடாரி 250 கிலோ வாக்கில் தேறிய பிறகுதான் சினை ஊசி (செயற்கைக் கருவூட்டல்) போட வேண்டும். உடம்பு தேறாத கிடாரிக்கு அவசரப்பட்டுப் போட்டால் கன்று போடும்போது இடுப்பெலும்பு இடம் கொடுக்காது.

பருவத்துக்கு வந்த மாடு ஓயாமல் கத்தும், தீனியைச் சரியாக எடுக்காது, பக்கத்து மாட்டின் மேல் தாவும், மற்ற மாடு தாவினால் அசையாமல் நிற்கும். பின்பக்கம் கண்ணாடி போல வழவழப்பான திரவம் கயிறாகத் தொங்கும். காலையில் இதைப் பார்த்தால் அன்று சாயந்திரம் ஊசி, சாயந்திரம் பார்த்தால் மறுநாள் காலை ஊசி. தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். ஊசி போட்ட மாடு 21ஆம் நாள் வாக்கில் மறுபடி கத்தினால் சினை நிற்கவில்லை என்று அர்த்தம். அதனால் எங்கள் வீட்டுக் காலண்டரில் ஊசி போட்ட தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, 21ஆம் நாளுக்கும் ஒரு வட்டம் போட்டு வைப்போம்.

"ஈற்று" என்றால் என்ன? மாடு வாங்கும்போது முதலில் அதையே ஏன் கேட்கிறார்கள்?

ஈற்று என்பது எத்தனையாவது தடவை கன்று போட்டிருக்கிறது என்ற கணக்கு. பேச்சில் ஈத்து. முதல் தடவை தலையீத்து, அப்புறம் ரெண்டாம் ஈத்து, மூணாம் ஈத்து. மாட்டின் வயது, இனிமேல் எவ்வளவு கறக்கும், எத்தனை வருஷம் வைத்துக்கொள்ளலாம், எந்த நோய்க்குப் பயப்பட வேண்டும் எல்லாம் இந்த ஒரு எண்ணில் இருக்கிறது. தலையீற்று மாடு மற்ற ஈற்றுகளைவிடக் குறைவாகக் கறக்கும். மூன்று, நான்காம் ஈற்று வாக்கில் பால் உச்சத்துக்கு வரும், அதன்பிறகு மெல்லக் குறையும்.

எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு தடவை வெளியூர்ச் சந்தைக்குப் போய் "ரெண்டாம் ஈத்து" என்று சொல்லிக் கொடுத்த மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தார். வண்டியிலிருந்து இறக்கியதும் ஆயா கிட்டே போய்ப் பார்த்தார். கொம்பின் அடியில் அரம் வைத்துத் தேய்த்த தடம் இருந்தது. கொம்பில் ஈற்றுக்கு ஒரு வளையம் விழும், அதை மறைக்கத்தான் அந்தத் தேய்ப்பு. கீழுதட்டை விலக்கினால் எட்டுப் பல்லும் முளை போலத் தேய்ந்து, பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே சந்து விட்டிருந்தது. குறைந்தது ஆறு கன்று போட்ட மாடு. கூட வந்த கன்றும் அதனுடையது இல்லை. மாடு அதை முகர்ந்து பார்த்துவிட்டு உதைத்துத் தள்ளியது. வாங்கும் இடத்திலேயே கன்றை அவிழ்த்து ஊட்டவிட்டுப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். சொந்தக் கன்று என்றால் தாய் அதை நக்கும், மடியில் சுரப்பு விடும். அந்த அண்ணன் நகையை அடகு வைத்து வாங்கியிருந்தார். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கஷ்டமாக இருக்கிறது.

பல்லைப் பார்த்து வயதை எப்படிச் சொல்வது?

மாட்டுக்கு முன்பல் கீழ்த்தாடையில் மட்டும்தான், மொத்தம் எட்டு. மேலே பல் கிடையாது, தடித்த ஈறுதான். பால் பல் விழுந்து நிலைப்பல் ஜோடி ஜோடியாக முளைக்கும். நடு ஜோடி முளைத்தால் ரெண்டு பல், வயது இரண்டு, இரண்டரை. நாலு பல் என்றால் மூன்று வாக்கில். ஆறு பல் என்றால் மூன்றரையிலிருந்து நாலு. எட்டும் முளைத்துவிட்டால் கடை சேர்ந்தது என்பார்கள், அது நாலரை, ஐந்து வயதில். அதற்குப் பிறகு தேய்மானத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். பால் பல் சின்னதாக வெள்ளையாக இருக்கும், நிலைப்பல் அகலமாகக் கொஞ்சம் மஞ்சள் கலந்து இருக்கும். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் போதும்.

சினை எத்தனை மாதம்?

பசுவுக்கு ஒன்பது மாதம் ஒன்பது, பத்து நாள். சுமார் 280 நாள். ஜனவரி 1 அன்று ஊசி போட்டிருந்தால் அக்டோபர் 8 வாக்கில் எதிர்பார்க்கலாம். ஒரு வாரம் முன்னே பின்னே ஆகும். எருமைக்குப் பத்து மாதம் பத்து நாள் என்று கணக்கு, அதே ஜனவரி 1 என்றால் நவம்பர் முதல் வாரம்.

வயிற்றைப் பார்த்துச் சினை சொல்லாதீர்கள். ஊசி போட்டு இரண்டரை, மூன்று மாதத்தில் மருத்துவரை வைத்துக் கையை உள்ளே விட்டுப் பரிசோதித்தால் உறுதியாகத் தெரிந்துவிடும்.

சினை மாட்டைக் கடைசி இரண்டு மாதம் ஏன் கறக்கக் கூடாது? பால் நஷ்டம்தானே?

இதுதான் நகரத்தில் அதிகம் மீறப்படும் விதி. ஏழு மாதச் சினை ஆனதும் கறப்பதை நிறுத்திப் பால் வற்றவிட வேண்டும். வயிற்றில் இருக்கும் கன்று பெரும்பகுதி எடை போடுவது இந்தக் கடைசி மாதங்களில்தான். மடியும் பழுதுபார்த்துக்கொண்டு, சீம்பாலை, அதாவது கன்று போட்டதும் வரும் முதல் பாலை, சேர்த்து வைப்பது இப்போதுதான். வாடிக்கைக்குப் பால் கொடுத்தாக வேண்டும் என்று கடைசி வரை கறந்தால் கன்று இளைத்துப் பிறக்கும், அடுத்த ஈற்றில் மாடும் குறைவாகவே கறக்கும். அந்த 60 நாளும் எங்கள் வாடிக்கைக்காரர்களிடம் நேராகவே சொல்லிவிடுவோம், வேறு வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. முக்கால்வாசிப் பேர் திரும்பி வந்துவிடுவார்கள்.

இன்றைக்குக் கன்று போடும் என்று எப்படித் தெரியும்?

மடி இறங்கிக் காம்பு புடைத்து மினுமினுக்கும். வாலின் இரண்டு பக்கமும் தசை தளர்ந்து பள்ளம் விழும், கை வைத்தால் கொழகொழவென்று இருக்கும். பிறப்புறுப்பு வீங்கித் தொங்கும். தீனியை விட்டுவிட்டு எழுந்து படுத்து, படுத்து எழுந்து, வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்க்கும். வாலைத் தூக்கி வைத்துக்கொள்ளும். இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அன்றைக்கு ராத்திரி தூக்கம் கிடையாது.

வலி கண்டதும் என்ன செய்ய வேண்டும்? எப்போது மருத்துவரைக் கூப்பிடுவது?

முதலில், ஒன்றும் செய்யாமல் இருக்கத் தெரிய வேண்டும். காய்ந்த வைக்கோல் பரப்பி, கயிற்றைத் தளர்த்தி, வெளிச்சம் வைத்துவிட்டுத் தள்ளி நிற்க வேண்டும். கூட்டம் கூடினால் மாடு மிரண்டு முக்குவதை நிறுத்திவிடும்.

ஒரு மார்கழி ராத்திரி, மழைக்குக் கரண்ட் போன சமயத்தில் எங்கள் செவலை மாட்டுக்கு வலி கண்டது. அப்பா டார்ச் பிடித்தார். முதலில் பனிக்குடம் சின்ன பலூன் போல எட்டிப் பார்த்து உடைந்தது. அடுத்த முக்கலில் இரண்டு குளம்பு தெரிந்தது, வெள்ளையாக, நனைந்த சோப்பு போல மெத்தென்று. குளம்பின் அடிப்பக்கம் தரையைப் பார்த்திருந்தது. ஆயா குனிந்து பார்த்து, "முன்னங்கால்தான், மூக்கு எங்கே?" என்று கேட்டார். அடுத்த முக்கலில் இரண்டு காலுக்கும் மேலே நாக்கு நுனியும் மூக்கும் வந்தன. "சரி, வரட்டும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அடுத்த இருபது நிமிடத்தில் கன்று வைக்கோலில் இருந்தது.

இதுதான் சரியான கிடப்பு: இரண்டு முன்னங்கால், அதன்மேல் தலை, தண்ணீரில் பாய்கிறவன் கையை நீட்டியது போல. ஒரு கால் மட்டும் வந்தாலும், தலை வராமல் கால் மட்டும் நீண்டாலும், வால் மட்டும் தெரிந்தாலும், குளம்பின் அடிப்பக்கம் மேலே பார்த்தாலும் உடனே மருத்துவர் வேண்டும். பனிக்குடம் உடைந்து ஒரு மணி நேரம் முக்கியும் ஒன்றும் நகரவில்லை என்றாலும் காத்திருக்கக் கூடாது. தலையீற்று மாட்டுக்கு வலி கொஞ்சம் நீளும், ஆனாலும் இரண்டு மணி நேரத்தைத் தாண்ட விடாதீர்கள். நாலு பேர் சேர்ந்து கயிறு கட்டி இழுப்பது மட்டும் வேண்டாம். கருப்பை கிழிந்து தாயும் போய்விடும்.

கால்நடை ஆம்புலன்சுக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிடலாம். நம் பக்கத்து ஆட்களுக்கு வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கிறது. 1903இல் தொடங்கிய கல்லூரி அது. முடியாத பிரசவங்களை அறுவை செய்தே எடுப்பார்கள்.

கன்று விழுந்ததும்?

மூக்கிலும் வாயிலும் உள்ள கோழையை வழித்துவிட வேண்டும். மூச்சு வரவில்லை என்றால் வைக்கோல் துரும்பால் மூக்கில் குத்திவிட்டால் தும்மி மூச்சு பிடிக்கும். தாய் நக்கட்டும், நக்க நக்கத்தான் கன்றுக்கு ரத்த ஓட்டம் வரும், தாய்க்கும் பாசம் ஒட்டும். தொப்புள்கொடியை இரண்டு, மூன்று அங்குலம் விட்டுச் சுத்தமான பிளேடால் நறுக்கி டிஞ்சர் அயோடின் வைக்க வேண்டும். சாணி, மஞ்சள், சாம்பல் எதுவும் வேண்டாம். தொப்புள் வழியாகச் சீழ் ஏறி மூட்டு வீங்கிச் செத்த கன்றை நான் பார்த்திருக்கிறேன்.

நஞ்சுக்கொடி விழவில்லை. கையால் இழுக்கலாமா?

வேண்டவே வேண்டாம். கொடி பெரும்பாலும் எட்டு மணி நேரத்துக்குள் தானாக விழும். 12 மணி நேரம் தாண்டினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். தொங்குகிற கொடியில் செங்கல், செருப்பு கட்டிவிடும் பழக்கம் இன்னும் இருக்கிறது. அதன் கனத்தில் உள்ளே பிய்ந்து சீழ் பிடிக்கும், சில மாட்டுக்குக் கருப்பையே வெளியே வந்துவிடும். அதை அடி தள்ளுதல் என்கிறோம். அப்படி வெளியே வந்தால் சுத்தமான குளிர்ந்த தண்ணீரால் கழுவி, ஈரத்துணி போர்த்தி, காக்கா நாய் அண்டாமல் காவல் நின்று மருத்துவர் வரும்வரை காக்க வேண்டும்.

விழுந்த கொடியை மாடு தின்னாமல் எடுத்துக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். ஆலமரத்தில் கட்டுவது கிராமத்து வழக்கம். இங்கே மரத்துக்கும் எங்கே போவது?

சீம்பால் கிடைக்குமா?

இந்தக் கேள்விதான் தினமும். கன்று போட்ட சேதி தெரிந்தால் தூக்குச்சட்டியோடு வந்து நிற்பார்கள். வெல்லம், ஏலக்காய் போட்டு ஆவியில் வேகவைத்தால் அல்வா போலத் திரண்டுவரும், ருசியும் தனிதான். ஆனால் முதல் பங்கு கன்றுக்கு.

மனிதக் குழந்தைக்குத் தாயின் நோய் எதிர்ப்பு சக்தி வயிற்றிலேயே கொஞ்சம் போய்ச் சேர்ந்துவிடும். கன்றுக்கு அப்படி இல்லை, வெறுங்கையோடு பிறக்கிறது. அந்தச் சக்தி முழுக்கச் சீம்பாலில்தான் இருக்கிறது. கன்றின் குடல் அதை அப்படியே உறிஞ்சும் நேரம் முதல் ஒரு நாள்தான், மணிக்கு மணி குறைந்துகொண்டே போகும். அதனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் முதல் ஊட்டு. முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர், பிரித்துப் பிரித்து. "கொடி விழட்டும், அப்புறம் ஊட்டலாம்" என்று காத்திருப்பது தப்பு. கன்று ஊட்டினால்தான் கருப்பை சுருங்கிக் கொடியும் சீக்கிரம் விழும். கன்று குடித்து மிஞ்சியதைத் தாராளமாகக் கொடுக்கிறோம், காசு வாங்குவதில்லை.

கன்று போட்ட மறுநாள் மாடு எழவில்லை, கழுத்தை விலாப் பக்கம் மடித்துப் படுத்திருக்கிறது. ஏன்?

பால் காய்ச்சல். பெயரில் காய்ச்சல் இருந்தாலும் உடம்பு சுடாது, காதைத் தொட்டால் சில்லென்று இருக்கும். பாலுக்குச் சுண்ணாம்புச் சத்து திடீரென்று இழுக்கப்படுவதால் ரத்தத்தில் குறைந்துபோகிறது. நிறையக் கறக்கும் மாட்டுக்கு, அதிலும் மூன்றாம் ஈற்றுக்கு மேல், அதிகம் வரும். மருத்துவர் நரம்பில் கால்சியம் ஏற்றினால் கண் முன்னாலேயே எழுந்து நிற்கும். அவர் வரும்வரை வாயில் மருந்தோ கஞ்சியோ ஊற்றாதீர்கள். அப்போது அதற்கு விழுங்கும் சக்தி இருக்காது, நுரையீரலுக்குப் போய்விடும்.

"கன்று வீசிவிட்டது" என்றால்?

நாள் நிறைவதற்கு முன்னால் கரு விழுந்துவிட்டது என்று பொருள். அடிபட்டும் விழலாம், கன்று வீச்சு நோயாலும் விழலாம். அந்த நோய் மனிதனுக்கும் தொற்றும். விழுந்த கருவையோ கொடியையோ வெறுங்கையால் தொடக் கூடாது, பாலைக் காய்ச்சாமல் குடிக்கக் கூடாது. கிடாரிக்கன்றுக்கு நாலிலிருந்து எட்டு மாத வயதுக்குள் ஒரே ஒரு தடுப்பூசி போட்டால் போதும்.

இரட்டைக் கன்று நல்லதா?

பசுவுக்கு அபூர்வம். இரண்டும் கிடாரி என்றால் சந்தோஷம்தான். ஒன்று காளை, ஒன்று கிடாரி என்றால் அந்தக் கிடாரி பெரும்பாலும் மலடாகவே வளரும். வயிற்றில் இரண்டின் ரத்தமும் கலப்பதால் கிடாரியின் கருப்பை சரியாக உருவாகாமல் போகிறது. வளர்க்க எடுப்பதற்கு முன் மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலடும் வற்றிய மாடும் ஒன்றா?

கிடையாது. வற்றிய மாடு அடுத்த கன்றுக்குத் தயாராகிறது. மலடு என்றால் சினையே பிடிக்காதது. இந்த வித்தியாசம் தெரியாமல் வற்றிய சினை மாட்டை "இது உதவாது" என்று அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டவர்கள் உண்டு. இரண்டு, மூன்று ஊசிக்கு நிற்கவில்லை என்றாலும் மலடு என்று முடிவு கட்டாதீர்கள். தாது உப்புக் குறையோ கருப்பைப் புண்ணோ இருந்தால் சரிசெய்ய முடியும்.

காளைக்கும் எருதுக்கும் என்ன வித்தியாசம்?

காயடிக்காதது காளை, காயடித்து வண்டிக்கும் ஏருக்கும் பழக்கியது எருது. இனவிருத்திக்கென்று வைத்திருப்பது பொலிகாளை.

தெருவில் வரும் சினை மாட்டுக்கு மிச்சச் சோறு வைக்கலாமா?

ஒரு கைப்பிடி வைத்தால் ஒன்றும் ஆகாது. கல்யாண வீட்டுச் சோற்றை அண்டாவோடு கவிழ்க்காதீர்கள். வயிறு புளித்து, உப்பி, சினையோடு செத்துப்போகும். கழனித்தண்ணி, காய்கறித் தோல், வாழைப்பழத் தோல் எல்லாம் தாராளமாக வைக்கலாம். பிளாஸ்டிக் கவரில் முடிச்சுப் போட்டு எறியாமல் வாளியில் கொட்டுங்கள். மாட்டுக்கு முடிச்சை அவிழ்க்கத் தெரியாது, கவரோடு விழுங்கிவிடும்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கன்றுக்குட்டி பார்க்க வரலாமா?

வரலாம். ஆனால் கன்று போட்ட முதல் மூன்று நாள் வேண்டாம், தாய் முட்டும். அப்புறம் சாயந்திரம் கறவை முடிந்தபிறகு, ஆறு மணிக்கு மேல் வாருங்கள். தாயின் முகத்துக்கு எதிரே, அது பார்க்கிற மாதிரி நின்று, கன்றின் கழுத்தடியில் தடவிக் கொடுக்கச் சொல்லுங்கள். நெற்றியில் கை வைத்துத் தள்ளி விளையாட விடாதீர்கள், வளர்ந்தபிறகு முட்டிப் பழகிவிடும்.